தனித்தீவும் தனிநூலும்

வளரும் சிறுவன் ஒருவன் கையில் ஒரே ஒரு நூலைத்தான் கொடுக்கலாம் என்றொரு வரையறை இருக்குமாயின், எந்நூலைக் கொடுப்பது? அறநூலைக் கொடுக்கலாம் என்பார் ஒருவர். இலக்கணமும் கணக்கும் கற்பிக்கும் நூலே முதற்கண் வேண்டும் என்பார் மற்றொருவர். சான்றோர் வரலாறே தக்கது என்பார் பிறிதொருவர். இவ்வினாவுக்கு ஐரோப்பியப் பேரறிஞர் ஒருவர் எவரும் எதிர்பாராத விடை ஒன்றைக் கூறினார். அவர் சுட்டியது அறநூலுமன்று, இலக்கணநூலுமன்று. கடலில் கலம் உடைந்து, ஆளில்லாத தீவொன்றில் கரையேறிய ஒருவனைப் பற்றிய கதைநூலே அது. அவ்வறிஞர் ரூசோ; அந்நூல் 'இராபின்சன் குரூசோ'. அந்நூலைப் பற்றி அவர் கொண்ட கருத்து யாது, அக்கருத்து எத்துணைப் பொருந்தும் என்பவற்றை ஆராய்ந்து காண்பது, ஒரு நூலை எவ்வாறு படித்தல் வேண்டும் என்பதற்கும் நல்லதொரு பயிற்சியாகும்.

ரூசோ 1712ஆம் ஆண்டில் செனீவா நகரில் பிறந்தார். அவர் தந்தையார் கடிகாரம் செய்யும் தொழிலினர். பிறந்த சின்னாட்களிலேயே ரூசோ தம் தாயை இழந்தார். இளமையில் அவரும் தந்தையாரும் இரவு முழுதும் கண் துஞ்சாது கதைநூல்களைப் படித்ததுண்டு. அத்தகையவர், 1762ஆம் ஆண்டில் 'எமீல்' என்னும் கல்விநூலை எழுதியபோது, நூல்களையே தாம் வெறுப்பதாகக் கூறினார். அறியாத ஒன்றைப் பற்றி அறிந்தவர்போலப் பேசுவதற்கே நூல்கள் கற்பிக்கின்றன என்பது அவர் கொண்ட குறை. எமீல் என்பவன் அந்நூலில் ரூசோ கற்பனையாகப் படைத்துக்கொண்ட மாணாக்கன். அவன் காற்றையும் வெயிலையும் கண்டு கற்கவேண்டும்; மண்ணைத் தொட்டும் மரத்தை அறுத்தும் கற்கவேண்டும்; ஏட்டைப் புரட்டிக் கற்றல் ஆகாது என்பது ஆசிரியர் துணிவு.

ஆயினும், அவரே ஒரு நூலுக்கு மட்டும் விலக்களித்தார். எமீல் முதன்முதற் படிக்கவேண்டிய நூல் அது. நெடுங்காலம் அவனுடைய நூலகம் முழுவதும் அந்நூல் ஒன்றாகவே இருக்கும் என்று எழுதினார். அவ்வியத்தகு நூல் யாது? அரிசுட்டாட்டில் எழுதியதோ, பிளினி எழுதியதோ, பூபான் எழுதியதோ என்று தாமே வினவிக்கொண்டு, இவற்றுள் எதுவுமன்று, இராபின்சன் குரூசோவே அது என்று விடையும் பகர்ந்தார்.

அந்நூலை இயற்றியவர் டேனியல் டீபோ என்னும் ஆங்கிலேயர். அவர் இலண்டன் நகர வணிகர். வணிகத்திற் பெரும்பொருள் இழந்து கடனில் ஆழ்ந்தவர். அரசினர்க்கு ஒவ்வாத நூலொன்றை எழுதியமையால் 1703ஆம் ஆண்டில் பொதுத்தெருவில் தண்டனை மரத்தில் நிறுத்தப்பட்டவர். அகவை அறுபதை அணுகும்போது, 1719ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்கள் 25ஆம் நாள், இக்கதையை வெளியிட்டார். முகப்பில் அவர் பெயர் இல்லை. இராபின்சன் என்பவனே தன் வரலாற்றைத் தன் கையால் எழுதியதாக அதில் அச்சிடப்பட்டிருந்தது. மக்கள் அதனை விரும்பி வாங்கினர். அவ்வாண்டிலேயே அது மீண்டும் மீண்டும் அச்சேறியது.

கதை இதுவாகும்: இராபின்சன் 1632ஆம் ஆண்டில் யார்க்கு நகரில் பிறந்தவன். மிக்க செல்வமும் மிக்க வறுமையும் இல்லாத நடுத்தர வாழ்வே நல்வாழ்வு என்று தந்தை அறிவுறுத்தியும் கேளாது, கடல்மேல் வேட்கை கொண்டு வீட்டை விட்டு நீங்கினான். புயலிற் சிக்கினான், மூர் இனத்தார் கையகப்பட்டு இரண்டாண்டு அடிமையாய் உழன்றான், தப்பிப் பிரேசில் நாட்டை அடைந்து தோட்டம் அமைத்தான். அங்கிருந்து மீண்டும் கலமேறியபோது, 1659ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 30ஆம் நாள், கலம் உடைந்தது. உடன்வந்தோர் அனைவரும் மாண்டனர். அலைகள் அவனை மட்டும் கரையில் எறிந்தன.

உடைந்த கலம் கரைக்கு அண்மையிலேயே தங்கி நின்றது. இராபின்சன் மரத்துண்டுகளைப் பிணைத்துத் தெப்பம் கட்டி, பன்முறை அதன்பாற் சென்று, உணவு, துணி, துமுக்கி, வெடிமருந்து, கோடரி, வாள் முதலியவற்றைக் கொணர்ந்தான். தச்சனுடைய கருவிப்பெட்டி ஒன்று கிடைத்தபோது, ஒரு கப்பல் நிறையப் பொன் கிடைத்தாலும் அதற்கு ஈடாகாது என மகிழ்ந்தான். கலத்தில் காசும் இருந்தது. இது எனக்கு எதற்கு என்று அதனை இகழ்ந்தான். ஆனால், சற்றே எண்ணிப் பார்த்து, அதனையும் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டான்! மனித உள்ளத்தின் இயல்பை டீபோ நன்கறிந்தவர் என்பதற்கு இவ்வொரு நிகழ்ச்சியே சான்றாகும்.

பின்னர் அவன் ஆற்றிய செயல்கள் பல. நாளை மறவாதிருக்க மரக்கம்பம் ஒன்றை நட்டு, நாள்தோறும் அதில் வெட்டுக்குறி இட்டான். தனக்கு நேர்ந்த தீமைகளை ஒருபுறமும், நன்மைகளை மறுபுறமும் வணிகன் வரவு செலவு எழுதுவதுபோல எழுதிப் பார்த்தான். ஆளில்லாத் தீவில் தனித்து விடப்பட்டேன் என்பது தீமை. உடன்வந்தோர் அனைவரும் இறக்க நான் மட்டும் உயிரோடிருக்கின்றேன் என்பது நன்மை. இவ்வாறு எழுதியபின் அவன் உள்ளம் ஒருவாறு தேறியது. 'இடுக்கண் அழியாமை' என வள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்தாரன்றோ? அதன் பொருளை இவ்வயல்நாட்டு மாலுமி தன் துன்பத்திலிருந்தே கற்றுக்கொண்டான்.

ஒரு பலகை செய்ய ஒரு முழு மரத்தை வீழ்த்தி இருபுறமும் செதுக்கவேண்டியிருந்தது. பொருள் அடுக்குதற்குரிய நீண்ட பலகை ஒன்றைச் செய்ய அவனுக்கு 42 நாள் ஆயிற்று. கோழித்தீனிப் பையில் ஒட்டியிருந்த உமியும் தூசும் என எண்ணி உதறியவற்றினின்று வாற்கோதுமையும் சிறிது நெல்லும் முளைத்தன. அக்கதிர்மணிகளை உண்ணாது விதைத்து, மீண்டும் விதைத்து, நான்காம் ஆண்டிலேதான் அவற்றுட் சிறிதை உணவுக்கு எடுத்தான். மண்ணைப் பிசைந்து கலம் வனைந்தான். அவை கோணியும் விரிந்தும் சிதைந்தன. ஒருநாள் அடுப்பில் விழுந்து கிடந்த ஓட்டுத்துண்டு கல்போல் இறுகிச் செந்நிறமாய் இருப்பதைக் கண்டு, மட்கலத்தைச் சுடும் முறையை உணர்ந்தான். பெரிய மரமொன்றை வீழ்த்திப் பல திங்கள் குடைந்து ஓடம் ஆக்கினான். நீரிலிருந்து ஏறத்தாழ நூறு கசத் தொலைவிலிருந்த அவ்வோடத்தை அசைக்கவும் அவனால் இயலவில்லை! செய்வதன் முன் எண்ணாமையின் விளைவு அது. இவ்வாறு 28 ஆண்டுகளும் இரண்டு திங்களும் 19 நாளும் அத்தீவில் வாழ்ந்து, 1686ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அவன் மீண்டான்.

இனி, ரூசோ இந்நூலை விரும்பிய காரணம் யாது? தனித்தீவில் இருப்பவனுக்குப் பிறர் கருத்தென்பது இல்லை. ஒரு பொருள் நல்லதா தீயதா என்பதை அதன் பயனைக் கொண்டே அவன் மதிப்பிடவேண்டும். பகட்டுக்கு அங்கே இடமில்லை. பார்த்துப் பாராட்டுவார் எவருமிலர். இந்நிலையில் தன்னை வைத்து எண்ணிப் பார்க்கும் சிறுவன், பொன்னினும் இரும்பு சிறந்தது, வயிரத்தினும் கண்ணாடி சிறந்தது என்று உணர்வான். அணிகலன் செய்வோரினும் செருப்புத் தைப்பவரையும் சுவர் கட்டும் கொற்றரையும் மிகுதியாக மதிப்பான். பாரிசு நகரத் தெருவிலுள்ள தின்பண்டக் கடைக்காரர் ஒருவரைப் பெறுதற்காக எமீல் அறிவியற் கழகம் முழுவதையுமே கொடுத்துவிடுவான் என்று ரூசோ நகைச்சுவை தோன்ற எழுதினார்.

மேலும், அவர் எமீலைக் கதை கேட்டு மகிழ்பவனாக மட்டும் விட்டுவிடவில்லை. அவன் தன்னையே இராபின்சனாக எண்ணவேண்டும்; தோலாடையும் பெரிய தொப்பியும் அணிந்து திரிய வேண்டும். இராபின்சன் எதனை மறந்தான், எதனை இன்னும் செம்மையாகச் செய்திருக்கலாம் என்று ஆராயவேண்டும். அவன் பிழைகளைக் கண்டு, தான் அவற்றிற் படாது தப்பவேண்டும். இஃது அருமையான அறிவுரை. நூலாசிரியர் கூறியதை அவ்வாறே ஒப்பாது, நானாயின் யாது செய்வேன் என்று வினவிக்கொண்டே படிப்பவன் கற்பது பன்மடங்காகும். இவ்வகையில் ரூசோ ஆசிரியர்க்கெல்லாம் நல்வழி காட்டினார் என்பதில் ஐயமில்லை.

ஆனால், அவர் ஒரு நிபந்தனையும் விதித்தார். கலம் உடைவது முதல், மீட்கும் கலம் வருவது வரையுள்ள பகுதியே போதும். முன்னும் பின்னும் உள்ளனவெல்லாம் குப்பை. அவற்றை நீக்கிவிடவேண்டும் என்றார். இங்கேதான் நாம் சற்று நின்று எண்ணவேண்டும். நீக்கப்பட்ட பகுதியில் இருப்பது யாது?

அடிமையாய் இருந்த இராபின்சன் தப்பியபோது, சூரி என்னும் சிறுவன் அவனுக்குத் துணையாய் வந்தான். தன் உயிரையும் பொருட்படுத்தாது அன்பு காட்டினான். அச்சிறுவனை இராபின்சன் 60 வெள்ளிக் காசுக்கு ஒரு கப்பல் தலைவனிடம் கொடுத்துவிட்டான். பத்தாண்டில் கிறித்தவனானால் விடுதலை என்பது உடன்படிக்கை. பின்னர்த் தன் தோட்டத்தில் வேலைக்கு ஆள் வேண்டியபோதே, அவனை விட்டது தவறு என்று வருந்தினான். இனி, 1659ஆம் ஆண்டில் அவன் கலமேறியது எதற்காக? ஆப்பிரிக்கக் கடற்கரைக்குச் சென்று, மக்களை அடிமைகளாய் வாங்கிப் பிரேசில் தோட்டங்களுக்குக் கொண்டுவருவதற்காக. தானே அடிமைத்தளையின் துன்பத்தை நுகர்ந்தவன், பிறரை அத்தளையிற் பூட்டச் சென்றபோதுதான் கலம் உடைந்தது. கதையைக் கலம் உடைந்த இடத்தில் தொடங்கிப் படிப்பவர்க்கு அவன் ஊழால் வருந்தும் எளியவனாகவே தோன்றுவான்; தொடக்கத்திலிருந்து படிப்பவர்க்கே அவன் யார் என்பது முழுமையாய் விளங்கும்.

தீவு வாழ்வின் பிற்பகுதியிலும் இதன் நிழல் உண்டு. ஏறத்தாழ 25ஆம் ஆண்டில், பகைவரால் கொல்லப்பட இருந்த இளைஞன் ஒருவனை இராபின்சன் காப்பாற்றினான். காப்பாற்றிய நாள் வெள்ளிக்கிழமை. ஆதலின் அப்பொருள்படும் 'பிரைடே' என்ற பெயரை அவனுக்கு இட்டான். அவன் கற்ற முதற் சொற்களுள் 'தலைவர்' என்பதும் ஒன்று. அதுவே தன் பெயரென இராபின்சன் கற்பித்தான். இளைஞனுக்கு அவன் பெற்றோர் இட்ட பெயர் யாதென்று கேட்டதாக நூலில் ஓரிடத்தும் காணப்படவில்லை. பின்னர், கட்டுண்டு கிடந்த தன் தந்தையை அத்தீவிலேயே கண்டு பிரைடே கட்டித் தழுவி ஆடியும் அழுதும் மகிழ்ந்த காட்சியை டீபோ உள்ளம் உருக வரைந்துள்ளார். அத்தந்தை தன் மகனை எப்பெயரிட்டு அழைத்தார்? அதனை நூல் கூறவில்லை. உயிரைக் காத்தவனுக்கு நன்றி செலுத்துதல் அறமே. ஆயினும், காக்கப்பட்டவனுக்கும் ஒரு பெயர் உண்டு என்பதை நினைத்தலும் அறமாகும்.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. இராபின்சன் தன் கைகளையே நம்பி வாழ்ந்தவன் என்பது பலர் கூற்று. அவன் கைகள் பற்றிய கோடரியைச் செய்தவர் யார்? இரும்பைக் கனியிலிருந்து எடுத்தவர், உருக்கியவர், அடித்தவர், துணி நெய்தவர், வெடிமருந்து கூட்டியவர் எனப் பெயரறியா மக்கள் பலருடைய உழைப்பு அவ்வுடைந்த கலத்திற் கிடந்தது. அவன் உதறிய பையிலிருந்த கதிர்மணிகூடப் பல தலைமுறை உழவர் பேணிக் காத்த விதையே. ஆகவே, தீவில் அவன் தனியன் அல்லன். ஒரு நாட்டின் உழைப்பே அவனோடு கரையேறியிருந்தது.

இக்குறையைச் செருமானிய ஆசிரியர் ஒருவர் உணர்ந்தார். காம்பே என்னும் அவர், ரூசோவின் கருத்தைப் போற்றி, 1779ஆம் ஆண்டில் சிறுவர்க்கென இக்கதையைப் புதிதாக எழுதினார். தந்தை ஒருவர் தம் மக்களுக்குக் கதை கூற, அவர்கள் இடையிடையே வினவுவதாக அதனை அமைத்தார். அவருடைய இராபின்சனுக்குத் தொடக்கத்தில் கருவி ஒன்றும் இல்லை, வெறுங்கையோடு கரையேறுகின்றான். கருவியின்றி ஒருவன் படும் பாட்டைக் கண்டு, மக்கள் கூடி வாழ்வதன் அருமையைச் சிறுவர் உணரவேண்டும் என்பது அவர் நோக்கம்.

கதையை விடுத்து, நடந்ததொரு நிகழ்ச்சியைக் காண்போம். அலெக்சாண்டர் செல்கர்க்கு என்னும் இசுகாத்துலாந்து மாலுமி, தன் கப்பல் பழுதுற்றது என்று தலைவனோடு பூசலிட்டு, 1704ஆம் ஆண்டில் தென்கடலில் உள்ள யுவான் பெர்னாண்டசுத் தீவுகளுள் ஒன்றில் விடப்பட்டான். படுக்கை, துமுக்கி, சிறிது மருந்து, கோடரி, கத்தி, கெண்டி, விவிலியநூல் முதலியன அவனோடிருந்தன. காட்டாடுகளை ஓடியே பிடித்தான். எலிகள் கடியாதிருக்கப் பூனைகளைப் பழக்கினான். நான்காண்டும் நான்கு திங்களும் கழிந்தபின், 1709ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் வூட்சு ரோசர்சு என்பவரின் கப்பல் அவனை மீட்டது. அப்போது அவன் உடல் வலிமை பெற்றிருந்தது. ஆனால் நாவோ பேச்சை இழந்துகொண்டிருந்தது. சொற்களைப் பாதி பாதியாக அவன் கூறக் கேட்டு, அவன் கருத்தை அறிவதே அரிதாயிற்று என்று ரோசர்சு 1712இல் வெளியிட்ட நூலில் எழுதினார். உணவும் உடையும் ஒருவன் தானே தேடிக்கொள்ளலாம். மொழியோ இருவர்க்குப் பொதுவானது. கேட்பார் இல்லாத இடத்தில் அது தேய்ந்துபோகும். செல்கர்க்கு இருந்த அத்தீவுக்குச் சிலி நாட்டு அரசு 1966ஆம் ஆண்டில் 'இராபின்சன் குரூசோத் தீவு' எனப் பெயர் சூட்டியது.

இராபின்சனும் இவ்வுண்மையை அறியாதவன் அல்லன். கிளியொன்றைப் பிடித்து, தன் பெயரைச் சொல்லக் கற்பித்தான். தன்னைப் பெயரிட்டு அழைக்கும் ஒரு குரலுக்காக அவன் செவி அவ்வளவு ஏங்கியது. ஆயினும், ஏறத்தாழ பதினைந்தாண்டு கழிந்தபின் ஒருநாள், கடற்கரை மணலில் மனிதனின் காலடித் தடம் ஒன்றைக் கண்டபோது, இடி விழுந்தவன்போல் நின்றான், ஓடி ஒளிந்தான், தன் வேலிகளையும் விளைநிலத்தையும் அழித்துவிடலாமா என்றும் எண்ணினான். மனிதரைக் காணாது வருந்தியவன் மனிதர் தடம் கண்டு நடுங்கினான். தனிமை ஒருவனுக்குத் துணிவை அளிக்கும். அஃது அளவு கடப்பின், தன் இனத்தையே பகையாய்க் காணும் அச்சத்தையும் அளிக்கும் என்பதை இவ்விடத்தினும் தெளிவாகக் காட்டுதல் அரிது.

ரூசோவும் இதனை முற்றும் மறந்தவரல்லர். ஒருவனே செய்யக்கூடிய தொழில்கள் பலர் கூடிச் செய்யவேண்டிய தொழில்களுக்கு வழிகாட்டும் என்றும், எமீல் தீவில் தனித்திருக்க விரும்பாத காலம் வரும் என்றும் அவரே எழுதினார். இராபின்சன் நிலை மனிதன் என்றும் வாழ்தற்குரிய நிலையன்று. பொருள்களை எடைபோட்டுக் காண்பதற்குரிய ஒரு துலாக்கோல் என்பதே அவர் கருத்து. 'எமீல்' நூலில் சமயம் பற்றி எழுதியவை சினத்தை மூட்ட, அந்நூல் பாரிசிலும் செனீவாவிலும் தீயிலிடப்பட்டது. ஊர்விட்டு ஊர் அலைந்த ரூசோ, 1765ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் ஓர் ஏரியின் நடுவேயுள்ள புனித பீட்டர் தீவில் சில வாரங்கள் தங்கினார். தம் வாழ்நாளில் அங்கிருந்ததுபோல் எங்கும் மகிழ்ந்ததில்லை என்று பின்னர் நினைவுகூர்ந்தார். ஆனால், அத்தீவிலும் அவர் தனித்திருக்கவில்லை. அவர்தம் துணைவியார் உடனிருந்தார். தீவைக் காக்கும் குடும்பத்தினர் உணவும் உறையுளும் அளித்தனர். அங்கிருந்தும் அவரை நீங்குமாறு பெர்ன் நகர ஆட்சியாளர் ஆணையிட்டனர்.

ஆகவே, ரூசோவின் கருத்தில் கொள்ளத்தக்கதும் உண்டு, சேர்க்கத்தக்கதும் உண்டு. இராபின்சன் கதை, உழைப்பின் உயர்வையும் பொருளின் உண்மை மதிப்பையும் இடுக்கண் வந்துழி உளம் தளராமையையும் கற்பிக்கும் சிறந்த நூல் என்பது கொள்ளத்தக்கது. அந்நூலின் நடுப்பகுதியை மட்டும் அறுத்து எடுத்துப் படித்தல் வேண்டும் என்பது கொள்ளத்தக்கதன்று. முழுதும் படிக்கும் மாணவனே, பலகை ஒன்றிற்காக 42 நாள் உழைத்தவனைப் போற்றவும், சூரியை 60 காசுக்குக் கொடுத்தவனை இரங்கி நோக்கவும் வல்லவனாவான். இருவரும் ஒருவனே என்று உணரும்போதுதான் அவன் மனித இயல்பைக் கற்றவனாகின்றான்.

ஒரு நூலைப் போற்றுவோர் அதன் குறைகளை மறைத்தல் வேண்டா. குறை கண்டோர் அதன் நிறைகளை இகழ்தலும் வேண்டா. இராபின்சன் தன் தாளில் தீமையையும் நன்மையையும் இரு பத்தியாய் எழுதி நிறுத்துப் பார்த்தானன்றோ? அவன் வரலாற்றைப் படிப்போரும் அவ்வாறே எழுதிப் பார்ப்பாராயின், அந்நூல் கற்பித்த முதற் பாடத்தை அந்நூலின் மீதே பயன்படுத்தியவர் ஆவர்.